காதுக்கேற்ற ஹெட்செட், கைக்கேற்ற விலை

கணினி விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? காசைக் கரியாக்காதே!” என்பது பெற்றோர் கட்சி. “வாங்குனா பெரிய பிராண்டா வாங்கணும், இல்லேன்னா வாங்கவே கூடாது!” என்பது பிள்ளைகள் கட்சி. இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கும் பொருள்தான் ஹெட்செட். காதுகளை மூடும் கேட்பொறியும் வாய்க்கருகே நீளும் ஒலிவாங்கியும் சேர்ந்த கருவி அது. ‘தலையணி கேட்பொறி’ என்று எழுதலாம்தான். ஆனால், கடைக்குப் போய் அப்படிக் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஆகவே, இக்கட்டுரை முழுவதும் ஹெட்செட் என்றே எழுதுகிறேன். மொழிக்கழக நண்பர்கள் பொறுத்தருள்க!

விளையாடுவதற்காக ஒரு ஹெட்செட் வாங்குவது வீண் செலவு அல்ல என்பது என் முதல் கருத்து. அதற்காக 300, 400 ரிங்கிட்டைக் கொட்ட வேண்டியதில்லை என்பது இரண்டாவது கருத்து. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள் நம் பெரியோர்கள். கையில் இருக்கும் பணம் குறைவாக இருக்கும்போது, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். காதுக்கும் குரலுக்கும் போகும் ஒவ்வொரு ரிங்கிட்டும் நல்ல செலவு. விளக்குக்கும் பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கும் போகும் ஒவ்வொரு ரிங்கிட்டும் வீண் செலவு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

சின்ன வீட்டில் ஒரு பெரிய உதவி

எங்கள் வீடு ஒரு தாமானில் உள்ள வரிசை வீடு. கணினி இருப்பது வரவேற்பறையில். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுப்பார். பள்ளி விடுமுறையில் தம்பி காலையிலேயே டோட்டா விளையாட உட்கார்ந்துவிட்டால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் வெடிச்சத்தமும் கூச்சலும் அம்மாவின் அறைக்கதவைத் தாண்டிச் செல்லும். பிறகு என்ன? அறைக்குள்ளிருந்து ஒரு குரல், வெளியிலிருந்து ஒரு முணுமுணுப்பு, கடைசியில் மின்கம்பி பிடுங்கப்படும்! நம்மில் பலர் வீடுகளில் நடக்கும் கதைதான் இது.

தனி அறை, தனிக் கணினி, கனமான கதவு உள்ளவர்களுக்கு ஹெட்செட் ஓர் ஆடம்பரமாக இருக்கலாம். இரண்டு அறைகளில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அது சமாதானத் தூதுவர். அம்மாவின் தூக்கமும் தம்பியின் விளையாட்டும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்க அதுதான் வழி. ‘எதற்கு இந்தச் செலவு?’ என்று கேட்கும் பெற்றோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் படிவம் ஐந்தில் இருந்தேன். எங்கள் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் காலையில் கணித வகுப்புக்கும், மாலையில் தம்பியின் தமிழ் வகுப்புக்கும், இரவில் விளையாட்டுக்கும் பயன்பட்டது ஒரே ஹெட்செட்தான். விளையாட்டுக்கென்று வாங்கிய பொருள் வகுப்பறையாக மாறியதை அன்று நேரில் கண்டோம். இன்றும் இயங்கலை வகுப்பு, குழுக் கலந்துரையாடல், தொழிற்பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் அதே கருவிதான் தேவைப்படுகிறது.

விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட ஒலிக்கருவி எல்லாருக்கும் உதவுவது புதிய கதை அல்ல. முன்பு வீட்டுக் கணினிகள் பலவற்றுக்கு ‘பீப்’ என்று கூவ மட்டுமே தெரியும். 1981-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அதில் இசை வந்தது. ஒலிவாங்கியைச் செருகிக் குரலைப் பதிவுசெய்ய முடிந்தது. விளையாட்டுக் கைப்பிடியைச் செருகவும் ஓர் இடம் இருந்தது. விளையாடுபவர்கள் விரும்பி வாங்கிய அந்த அட்டைதான் வீட்டுக் கணினிக்கு வாயும் காதும் கொடுத்தது. 2023 ஜனவரியில் சிம் மறைந்தார். நம் அண்டை நாட்டிலிருந்து உலகுக்குப் போன அந்தக் கருவியை நினைத்தால், ‘விளையாட்டுச் சாமான்’ என்று எதையும் அலட்சியமாகத் தள்ளிவிட மனம் வராது.

குரல் கேட்க வேண்டும்

ஹெட்செட் வாங்கும்போது பெரும்பாலோர் காதைப் பற்றியே யோசிக்கிறார்கள். வாயைப் பற்றி யோசிப்பதில்லை. இதை நான் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தவன் நான். என் மலாய்மொழி தேர்வுத்தாளில் நன்றாகத்தான் இருந்தது, வாயில்தான் வரவில்லை. ஆங்கிலமும் அப்படியே. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்ளும் மாணவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தோம். அந்தத் தயக்கத்தை உடைத்ததில் பள்ளிக்கு ஒரு பங்கு உண்டு. கணினி விளையாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. எதிரி பின்னால் வரும்போது, “டுவா ஓராங் டி பெலாக்காங்!” என்று கத்த வேண்டிய அவசரத்தில் இலக்கணம் பார்க்க நேரமேது? முகம் தெரியாத ஐந்து பேர், ஐந்து விதமான உச்சரிப்பு, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க நேரமில்லை. பேசிப் பேசியே பழகினோம்.

ஆனால், அங்கே ஒலிவாங்கி மோசமாக இருந்தால் என்ன ஆகும்? “ஆப்பா? தாக் டெங்கார்!” என்று இரண்டு முறை கேட்பார்கள். மூன்றாம் முறை கேட்கமாட்டார்கள். பேசத் தயங்கும் ஒருவனுக்கு இதைவிட வேறு சாக்கு வேண்டுமா? வாயை மூடிக்கொள்வான். இயங்கலை நேர்முகத் தேர்விலும் இதே நிலைதான். காற்றாடியின் இரைச்சலுக்குள் மூழ்கி வரும் குரலைக் கேட்டு, ‘இவருக்கு மொழி வரவில்லை’ என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடக்கூடும். உச்சரிப்பில் ஏற்கெனவே தடுமாறும் நமக்கு, தெளிவான ஒலிவாங்கி மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே தேவை.

எனவே, வாங்கும் முன்பு ஒலிவாங்கியைச் சோதியுங்கள். வாய்க்கருகே நீண்டு வரும் தண்டுடன் கூடியது, கம்பியில் தொங்கும் ஒலிவாங்கியைவிடப் பெரும்பாலும் நல்லது. வாய்க்கும் அதற்கும் தூரம் குறைவு என்பதால் அறையின் இரைச்சலைவிடக் குரல் மேலோங்கி நிற்கும். அதை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், உதட்டின் ஓரமாக இரண்டு விரல் தள்ளி வையுங்கள். மூச்சுக்காற்றின் சத்தம் குறையும். கணினியில் உள்ள குரல்பதிவுச் செயலியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். காற்றாடியைச் சுழலவிட்டு ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை. எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை அந்த இரண்டு நிமிடங்கள் சொல்லிவிடும்.

பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் நம்பலாமா?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவைப் பற்றித் தெரியாத மாணவர்கள் குறைவு. முதலாமாண்டு தம்பி ஒருவனோடு அங்கே போயிருந்தேன். இரண்டு ஹெட்செட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்:

“அண்ணா, இதுல ஏழு கலர் லைட்டு எரியுது. அதுல ஒன்னுமே எரியல. இதையே எடுத்துரவா?”

“டேய், தலையில மாட்டுனதுக்கு அப்புறம் அந்த லைட்டு உனக்குத் தெரியுமாடா?”

அவன் சிரித்துவிட்டான். கடைக்காரரும் சிரித்தார். உண்மையும் அதுதானே! அணிந்தவருக்குத் தெரியாத அலங்காரம் அது. மலிவான சில ஹெட்செட்டுகளில் ஒலிக்கு ஒரு செருகியும், அதோடு ஒரு யு.எஸ்.பி. செருகியும் இருக்கும். அந்த யு.எஸ்.பி. ஒலியை மேம்படுத்துவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது விளக்குக்கு மின்சாரம் கொடுக்க மட்டுமே! குறைந்த விலைப் பொருளில் விளக்கு, கம்பி, பளபளப்பு என்று சேர்த்துக்கொண்டே போனால், எதில் குறைப்பார்கள்? ஒலியிலும் மெத்தையிலும்தான்.

அடுத்தது ‘7.1’ என்ற எண். அசல் 7.1 என்பது ஓர் அறையைச் சுற்றி ஏழு ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு பெட்டியும் வைக்கும் முறை. இன்று விற்கும் மலிவு ஹெட்செட்டுகளில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிகள் இருக்கும். மற்றவை மென்பொருள் காட்டும் வித்தை. இது பொய் என்று சொல்லமாட்டேன். நமக்கும் இரண்டே காதுகள்தானே? இடப்பக்கம் எழும் ஒலி இடது காதுக்குச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் வருகிறது. காதுமடலின் வடிவம் அந்த ஒலியை இன்னும் கொஞ்சம் மாற்றுகிறது. மூளை இவற்றை வைத்துத் திசையைக் கணிக்கிறது. மென்பொருளும் இதே கணக்கைப் போட்டு மூளையை ஏமாற்றுகிறது. ஆனால், அந்த மென்பொருளுக்கு நாம் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்? விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் ‘விண்டோஸ் சோனிக்’ என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது. வெலோரண்ட் போன்ற விளையாட்டுகளில் திசையை உணர்த்தும் ஒலி அமைப்பு உள்ளேயே உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒலி குழம்பும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் எழுதியிருக்கும். அது மனிதக் காதால் கேட்க முடிந்த எல்லையைக் குறிக்கும் எண்கள். அந்த எல்லைக்குள் எந்த ஒலி தூக்கலாகக் கேட்கும், எது அமுங்கிப்போகும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. ‘50 மில்லிமீட்டர் ஒலிபெருக்கி’ என்பதும் அப்படியே. பெரிய பானையில் சமைத்தால் சாப்பாடு ருசியாகிவிடுமா? நன்றாகச் செய்த 40 மில்லிமீட்டர், ஏனோதானோவென்று செய்த 50 மில்லிமீட்டரைத் தோற்கடிக்கும். எண்களில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ‘ஓம்’ என்ற மின்தடை அளவு. அது 32 அல்லது அதையொட்டி இருந்தால் வீட்டுக் கணினியே போதும். 250 ஓம் போன்றவற்றுக்குத் தனி ஒலிப்பெருக்கக் கருவி வேண்டும்; அது நம் செலவுக்குள் வராது.

செருகும் துளையைப் பார்த்தீர்களா?

ஹெட்செட் வாங்கி வந்து, “காது கேக்குது, ஆனா நான் பேசுறது யாருக்கும் கேக்கலையே!” என்று புலம்புபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் பழுது கருவியில் இல்லை; செருகியில்தான் இருக்கிறது. செருகியின் உலோகப் பகுதியில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வளையங்கள் இருந்தால், ஒலியும் குரலும் ஒரே செருகியில் போகின்றன என்று பொருள். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் ஏற்ற வகை அது. மேசைக் கணினியிலோ பெரும்பாலும் பச்சைத் துளை கேட்பதற்கும், இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும் எனத் தனித்தனியாக இருக்கும். ஒற்றைச் செருகியைப் பச்சைத் துளையில் போட்டால் ஒலி கேட்கும்; குரல் போகாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறிய கம்பி ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சில பெட்டிகளுக்குள்ளேயே அதை வைத்திருப்பார்கள். கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

நம் வீட்டுக் கணினிகளில் பல பழையவை. ஒலித்துளையில் ‘கர்ர்’ என்ற இரைச்சல் வந்தால் யு.எஸ்.பி. ஹெட்செட் வாங்குவது நல்லது. அதற்குள்ளேயே ஒரு சிறிய ஒலி அட்டை இருப்பதால் கணினியின் துளையை அது நம்பியிருக்காது.

கம்பியில்லாத ஹெட்செட் வேண்டுமென்று ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. சாதாரண புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாட்டுக் கேட்பதற்கு அது குறையல்ல; விளையாட்டில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வந்தால் என்ன பயன்? மேலும், ஒலிவாங்கியை இயக்கியதும் பல புளூடூத் கருவிகளில் ஒலியின் தரம் பழைய தொலைபேசிபோல் இறங்கிவிடும். தனியாக ஒரு சிறு யு.எஸ்.பி. வாங்கியைக் கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆனால் விலை கூடும், மின்கலமும் ஒருநாள் தேயும். மேசைக் கணினிக்கு முன் உட்கார்ந்தே விளையாடும் நமக்குக் கம்பி ஒரு தடையா என்ன?

காது கெட்ட பிறகு...

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. காதுக்கும் அது பொருந்தும். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்ளன. அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை.

12 முதல் 35 வயது வரையுள்ள 100 கோடிக்கும் மேற்பட்டோர், உரத்த இசையாலும் பொழுதுபோக்கு ஒலிகளாலும் கேட்கும் திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் எச்சரித்தது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம். அந்நிறுவனம் வகுத்துள்ள எல்லை இது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10 மணி நேரம். 89 என்றால் வாரம் முழுவதற்கும் 5 மணி நேரம்தான்! விடுமுறையில் ஒரே நாளில் 5 மணி நேரம் விளையாடும் தம்பி தங்கைகள் நம் வீடுகளில் இல்லையா? கணினி விளையாட்டுக்கும் கேட்கும் திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று, 2024-ஆம் ஆண்டு பி.எம்.ஜே. பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளிவந்தது. விளையாடுவோர் பலர் கேட்கும் ஒலி, பாதுகாப்பான எல்லையை நெருங்கியோ தாண்டியோ இருப்பதாக அது சுட்டிக்காட்டியது.

இதற்கும் ஹெட்செட் தேர்வுக்கும் என்ன தொடர்பு? நிறையவே உண்டு. நம் வீடுகள் அமைதியானவை அல்ல. மேலே காற்றாடி, வெளியே மோட்டார் சைக்கிள், மழை வந்தால் தகரக் கூரையின் ஓசை. காதுமெத்தை சரியாகப் பொருந்தாத ஹெட்செட்டில் இந்த இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். அதை மீறிக் கேட்க நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். காதை முழுமையாகச் சூழ்ந்து மூடும் மெத்தை இருந்தால், குறைந்த ஒலியிலேயே காலடிச் சத்தம்கூடக் கேட்கும். ஆக, நல்ல மெத்தை வெறும் சுகத்துக்கானது மட்டுமல்ல. அது காதுக்குக் கவசம். பல கணினிகளின் ஒலி அமைப்பில், மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்த ஒலியை அடக்கும் வசதியும் உண்டு. காலடி ஓசைக்காக ஒலியைக் கூட்டிவைத்து, வெடிகுண்டுச் சத்தத்தில் காதைப் பறிகொடுக்கும் நிலையை அது தவிர்க்கும்.

காதை நன்றாக மூடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. நம் குரலே நமக்குச் சரியாகக் கேட்காது; நாம் அறியாமலேயே கத்திப் பேசுவோம். அப்புறம் அம்மாவின் தூக்கம் என்னாவது? நம் குரலை நம் காதுக்கே திருப்பித் தரும் வசதி சில ஹெட்செட்டுகளில் உண்டு. இல்லாவிட்டால், பேசும்போது ஒரு காதுமெத்தையைச் சற்று விலக்கி வைத்துக்கொள்வதே போதும். காசில்லாத வைத்தியம்!

நம் நாட்டு வெயிலும் வியர்வையும்

குளிர்நாட்டுக்காரர் எழுதும் விமர்சனத்தைப் படித்துவிட்டு நாம் வாங்கினால் சரிவராது. இங்கே வெப்பமும் ஈரப்பதமும் அதிகம். தோல்போல் தோற்றமளிக்கும் செயற்கை மெத்தைகள் ஈரத்தாலும் வியர்வையாலும் நாளடைவில் செதில் செதிலாக உரிந்துவிடும். கறுப்புத் துகள்களைக் காதில் ஒட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். துணி மெத்தை உரியாது, வெப்பமும் குறைவு. ஆனால் வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். மெத்தையை மாற்ற முடிந்தால் ஹெட்செட்டின் ஆயுள் கூடும்.

எடை 300 கிராமுக்குள் இருப்பது நல்லது. கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடியோடு மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் போதாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடமாவது மாட்டிக்கொண்டு நில்லுங்கள். காதோரம் வலித்தால் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு ரிங்கிட்டும் செலவழிக்கும் முன், வீட்டில் இருப்பதைப் பாருங்கள். ஒலிவாங்கியுடன் கூடிய கைப்பேசிச் செவிப்பொறி இருக்கிறதா? முன்னே சொன்ன பிரிப்புக் கம்பி ஒன்றை வாங்கிக் கணினியில் செருகிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும். அது போதவில்லை என்றால், அலுவலகங்களில் தொலைபேசி அழைப்புக்கென்று பயன்படுத்தும் எளிய ஹெட்செட்டைப் பாருங்கள். தோற்றம் கவர்ச்சியாக இருக்காது. ஆனால், பேசுவதற்கென்றே செய்யப்பட்டதால் ஒலிவாங்கி பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அதற்கு மேல் போக வேண்டுமானால், என் எல்லை 150 ரிங்கிட். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவனின் எல்லை அது. தள்ளுபடிக் காலம்வரை பொறுத்திருந்தாலோ, பழையதை வாங்கிப் புதிய மெத்தை மாற்றிக்கொண்டாலோ, பெயர்பெற்ற நிறுவனங்களின் அடிப்படை வகைகளும் இந்த எல்லையை நெருங்கிவரும். ஒன்றைக் கவனித்தீர்களா? ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 275 கிராம்; லாஜிடெக் ஜி335 240 கிராம்; ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 எக்ஸ் 240 கிராம். மூன்றிலும் சாதாரண 3.5 மில்லிமீட்டர் செருகிதான். மூன்றிலும் வண்ண விளக்கு கிடையாது! விலையைக் குறைக்க வேண்டிய இடத்தில் அந்த நிறுவனங்களே முதலில் விட்டுவிடுவது விளக்கைத்தான். பெயரில்லாத பெட்டியில் ஏழு வண்ணங்களைப் பார்த்து மயங்கும் நாம், இதை யோசிக்க வேண்டாமா?

“மலிவா வாங்கி ரெண்டு தடவை வாங்குறதுக்கு, ஒரே தடவை விலை கொடுத்து வாங்கலாமே!” என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. மூன்று மாதத்தில் கம்பி அறுந்துபோகும் 25 ரிங்கிட் ஹெட்செட்டை நானும் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால், விலை கூடினால் உழைப்பும் கூடும் என்பது உறுதியில்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் மாற்றக்கூடிய மெத்தைக்கும், கழற்றக்கூடிய கம்பிக்கும், உள்நாட்டு உத்தரவாதத்துக்கும் போனால் கொடுங்கள். புகழ்பெற்ற விளையாட்டாளரின் கையெழுத்துக்குப் போனால் கொடுக்காதீர்கள். 2019-இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின் விளையாட்டுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. அந்த அளவுக்குப் போக விரும்புபவர் பின்னாளில் நல்லதாக வாங்கிக்கொள்ளட்டும். வீட்டு வரவேற்பறையில் விளையாடும் நமக்கு அது இப்போது தேவையில்லை.

இயங்கலையில் வாங்குபவர்கள் ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். பொருள் பழுதாக வந்து, விற்றவர் கைவிரித்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 80 ரிங்கிட் பொருளுக்கா என்று நினைக்காதீர்கள். அந்த 80 ரிங்கிட்டைச் சம்பாதிக்க நம் பெற்றோர் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று நினையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஹெட்செட் கேட்டால் உடனே திட்டாதீர்கள். “எந்த வகை, எத்தனை ரிங்கிட், ஏன் அது?” என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். விளக்கு எரிகிறது என்பது மட்டுமே காரணமானால், இன்னொரு மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, நல்ல ஹெட்செட் என்பது நம்மிடம் இருப்பதைப் பார்த்து மற்றவர் வியப்பதற்கானது அல்ல. அதை மாட்டியிருக்கும்போது வீட்டில் ஒருவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும். நாம் பேசும் சொல் ஒவ்வொன்றும் எதிர்முனையில் தெளிவாகக் கேட்க வேண்டும். நாற்பது வயதிலும் மழைச் சத்தம் நம் காதில் விழ வேண்டும். இந்த மூன்றுக்கும் 150 ரிங்கிட்டுக்குள் வழி இருக்கிறது. இன்றிரவு விளையாட உட்காரும் முன், முதலில் ஒலியை இரண்டு படி குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்குச் செலவே இல்லை.